இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

நூற்று அறுபத்து நான்காவது வரிக்கு எதிரில் 'த' என்று போட்டுவிட்டு ஆபரேட்டர் பேனாவை உதறினார். மை சரியாக வரவில்லை. மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார்.

"இதுவும் த-வா சார்?" என்றாள் புரோகிராமர். "'மாலை மோட்டார் நிற்கும் நிமிடம் எப்போதும் இரட்டைப்படை.' பதினோரு மாசத்துல ஒரு தடவைகூட மாறலையே."

"மத்தியான ஷிஃப்ட்காரன் கடிகாரம் பார்த்துத்தான் நிறுத்துவான். ஒத்தப்படையில எதைத் தொட்டாலும் விளங்காதுன்னு அவனுக்கு ஒரு நினைப்பு."

"அப்போ இது விதியா, தற்செயலா?"

"கிறுக்கு. அதுக்கு ஒரு எழுத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். வி, த, ரெண்டுதான்."

"அப்போ த."

மொத்தம் முந்நூற்று நாற்பது வரிகள். இருபத்திரண்டு வருடமாக நீரேற்று நிலையத்தை ஓட்டிக்கொண்டிருந்த புரோகிராமைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதப்போகிறார்கள். பழையதை எழுதிய ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கம்பெனியும் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன எழுதினார், ஏன் எழுதினார் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதனால் அந்தப் பெண் பழைய புரோகிராமுக்குள் இன்னொரு புரோகிராமை நுழைத்து வேடிக்கை பார்க்க விட்டிருந்தாள். வந்த முதல் நாளே அதை அவருக்கு விளக்கினாள்.

"ஒரு ஒற்றனை உள்ள உட்கார வெச்ச மாதிரி சார். அவனுக்குத் தண்ணி தெரியாது, மோட்டார் தெரியாது, ஒண்ணும் தெரியாது. முதல் நாளே, இருக்கக்கூடிய எல்லா விதியையும் எழுதி வெச்சுக்குவான். இது எப்பவும் அதைவிடப் பெருசு, இது எப்பவும் சைபர், இது ரெண்டும் எப்பவும் சமம், இப்படி லட்சக்கணக்குல. அப்புறம் தினம் நடக்குறதைப் பார்ப்பான். ஒரே ஒரு தடவை பொய்யானாலும் அடிச்சிருவான். அடிச்சது போக மிஞ்சினதுதான் இந்த லிஸ்ட்."

"மருமக வீட்டுல வந்து தங்குன மாமியார் மாதிரி."

"அதேதான். ஆனா எது எப்பவும் நடந்துச்சுன்னுதான் சொல்லுவான். ஏன் நடந்துச்சுன்னு சொல்ல மாட்டான். அதுக்குத்தான் நீங்க."

ஆபரேட்டருக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அதே மாடி அறையில் முப்பத்தொரு வருடம் காலை ஷிஃப்ட் பார்த்திருக்கிறார். அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு திரை, சுவரில் நிலையத்தின் வரைபடம். முற்றத்தைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே தரையில் ஒரு சதுர அடி மட்டும் பாலிஷ் போய் வெள்ளையாக இருக்கும். அறைக்கு வருகிறவர்கள் அங்கே முன்பு பீரோ இருந்ததா என்று கேட்பார்கள். இல்லை என்பார்.

ஜன்னல் வழியே பார்த்தால் நாற்பது தப்படியில் சல்லடைக் குழி. ஆற்றுத் தண்ணீர் குழாய்க்குள் போவதற்கு முன் அதைக் கடந்துதான் போகும். இரண்டு ஆள் ஆழம். இலை, பை, செருப்பு, ஒருமுறை ஒரு பொம்மையின் தலை, எல்லாம் சல்லடையில் வந்து தங்கும். காலை பத்து மணிக்கு மதகை அடைத்துக் குழியை வடிப்பார்கள். ஃபிட்டர் ஏணியில் இறங்கிச் சல்லடையைக் கழுவிவிட்டு மேலே வந்து, குழியின் விளிம்பில் இருக்கும் பச்சைப் பட்டனை அமுக்குவான். மாடியில் திரையில் 'சைகை வந்தது' என்று விழும். ஆபரேட்டர் மதகைத் திறப்பார். புதிய புரோகிராமில் இந்தக் கடைசி வேலைக்கு ஆள் தேவையில்லை. சைகை வந்தால் மதகு தானே திறந்துகொள்ளும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து.

"இருநூத்து அஞ்சு," என்று படித்தாள். "'குழி கழுவும் நாளில் ஆபரேட்டர் எண் எப்போதும் 3.' மூணு யாரு?"

"நான்தான்."

"நீங்க லீவ் போட்டா?"

"அன்னைக்குக் கழுவ மாட்டாங்க. மறுநாள் கழுவுவாங்க."

"யார் வெச்ச விதி?"

"விதியெல்லாம் இல்ல. வழக்கமாயிருச்சு. த போடுங்க."

போட்டாள். பிறகு இருநூற்றுப் பதினொன்று. 'கைச்சைகை எப்போதும் 0. பார்த்த முறை 283. மீறிய முறை 0.'

"இது எஃப் ஒன்பது சாவி," என்றாள். "பச்சைப் பட்டன் ரிப்பேரானா நீங்களே இங்கிருந்து சைகை போட்டுக்கலாம்னு வெச்சிருக்காங்க. நீங்க ஒரு தடவைகூடத் தொடல." குனிந்து விசைப்பலகையைப் பார்த்தாள். எஃப் எட்டுக்கும் எஃப் பத்துக்கும் நடுவே பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை. "சாவியே இல்லையே சார்!"

"எலி."

"எலி குறிப்பா எஃப் ஒன்பதை மட்டும்?"

"படிச்ச எலி."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அந்த அறைக்கு விசைப்பலகை நான்கு முறை மாறியிருக்கிறது. நான்கு முறையும் வந்த அன்றே அந்தச் சாவியைத் திருப்புளியால் நெம்பி எடுத்து இழுப்பறையில் போட்டிருக்கிறார். இழுப்பறையில் நான்கு சாவிகள் இருந்தன.

"இருநூத்துப் பன்னெண்டு. 'சைகை வந்த நேரத்துக்கும் மதகு திறந்த நேரத்துக்கும் இடைவெளி எப்போதும் 90 விநாடிக்குக் குறையாது. பார்த்த முறை 283. மீறிய முறை 0.' நான் புரோகிராமை வரி வரியாத் தேடிட்டேன் சார். தொண்ணூறுன்னு ஒரு எண்ணே புரோகிராம்ல இல்ல. அதைச் செய்யுறது நீங்கதான். எதுக்கு?"

ஆபரேட்டர் பேனாவை மூடினார். திறந்தார்.

"குழாய் அடங்கணும். வடிச்ச உடனே திறந்தா அதிரும்."

"ஓ. அப்போ இது வி."

"வி."

அவளே எழுதிக்கொண்டாள். காரணம் என்ற கட்டத்தில் 'குழாய் அதிர்வு' என்று சின்ன எழுத்தில் எழுதினாள்.

அன்று மாலை அவர் வீட்டுப் படி ஏறியபோது மச்சினன் முன்னறையில் ஒரு மேசைமின்விசிறியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். அந்த அறைதான் அவனுடைய பட்டறை, படுக்கை, எல்லாம். விசிறி, இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, எது ரிப்பேரானாலும் தெருவில் எல்லோரும் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். சாயங்காலத்தில் இடது காலைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவான். அதற்கு ஒரு செருப்பு எப்போதும் மாட்டியே இருக்கும். விசிறிக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"காலு எப்படித் தம்பி?" என்று விசிறிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். புது ஆள் போலிருக்கிறது.

"அதுவா? கை பண்ண தப்புக்குக் காலுக்குத் தண்டனை," என்றான் மச்சினன். "வேலை முடிஞ்சு மேல வந்து பட்டனை அமுக்கிட்டேன். அமுக்கினவன் சும்மா போகணும்ல? ஸ்பேனரை விட்டுட்டேனோ என்னமோ, மறுபடி இறங்கியிருக்கேன். மேல இவரு, எங்க மாமா, சைகை வந்துருச்சுன்னு திறந்துட்டாரு. அவரு என்ன பண்ணுவாரு பாவம். தண்ணி வந்துச்சு. ஒரு காலைக் கூலியா எடுத்துக்கிட்டுப் போயிருச்சு." ஸ்குரூ டிரைவரால் அவரைக் காட்டினான். "இதோ வந்துட்டாரே, கேட்டுக்கங்க. மாமா, சரிதானே?"

"சரிதான் மாப்ள," என்றார் ஆபரேட்டர்.

பத்தொன்பது வருடமாக இந்தக் கதை இப்படித்தான். வார்த்தைகூட மாறாது. 'ஒரு காலைக் கூலியா' என்ற இடத்தில் கேட்பவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று திணறுவார்கள். மச்சினன் முதலில் சிரித்து அவர்களுக்கு அனுமதி கொடுப்பான்.

நடந்தது வேறு. அந்த வாரம் பச்சைப் பட்டன் வேலை செய்யவில்லை. மழையில் ஒயர் நனைந்திருந்தது. அப்படிப்பட்ட நாளில் ஆபரேட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஆள் வெளியே வந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, எஃப் ஒன்பதை அமுக்கித் தானே சைகையைப் பதிந்துகொள்ள வேண்டும். அவர் நாற்காலியிலிருந்து எழாமலே எட்டிப் பார்த்தார். குழியின் கைப்பிடிக் கம்பியில் நீலச் சட்டை தெரிந்தது. எஃப் ஒன்பதை அமுக்கினார். மதகைத் திறந்தார். சட்டை அசையவில்லை. நனையாமல் இருக்கட்டும் என்று கழற்றி மாட்டிவிட்டு மச்சினன் இறங்கியிருந்தான். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் ஆபரேட்டர்தான்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதற்குள் ஒயர் காய்ந்திருந்தது. பட்டனை அமுக்கிப் பார்த்தார்கள், வேலை செய்தது. பதிவில் 'சைகை வந்தது' என்று இருந்தது. பட்டனிலிருந்து வந்ததா சாவியிலிருந்து வந்ததா என்று அந்தக் காலத்துப் பதிவு பிரித்துச் சொல்லாது. "சைகை வந்துச்சா?" என்று கேட்டார்கள். "வந்துச்சு," என்றார். மச்சினன் அப்போது ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தான். கண் விழித்தபோது அந்த வாரமே அவன் நினைவில் இல்லை. அறிக்கையை அவனுக்குப் படித்துக் காட்டினார்கள். 'சைகை கொடுத்த பின் மீண்டும் குழிக்குள் இறங்கியது தொழிலாளியின் கவனக்குறைவு.' கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா, அப்படித்தான் இருக்கும்," என்றானாம்.

அதற்குப் பிறகு ஆபரேட்டர் சைகை வந்தாலும் திறப்பதில்லை. எழுந்து ஜன்னலருகே போய் நிற்பார். ஆள் மேலே வரவேண்டும், மூடியைப் போடவேண்டும், குழாயடியில் கை கழுவவேண்டும், சட்டையை மாட்டவேண்டும், விளக்குக் கம்பத்தைத் தாண்டிக் கொட்டகைக்குள் போகவேண்டும். அதன் பிறகுதான் திறப்பார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் புரோகிராமர் உற்சாகமாக வந்தாள்.

"சார், நேத்து சாயங்காலம் குழாய்ல ஒரு அதிர்வு மீட்டர் கட்டிப் பார்த்தேன். பதினோரு விநாடியில அடங்கிருது. தொண்ணூறெல்லாம் தேவையே இல்ல. பன்னெண்டுன்னு போட்டுட்டேன்."

"பன்னெண்டா?"

"ஒரு விநாடி கூடுதலாத்தான் வெச்சிருக்கேன்."

ஆபரேட்டர் தலையாட்டினார். மணி பத்து. மதகை அடைத்தார். குழி வடிந்தது. அவள் போகவில்லை. கழுவுவதை ஒரு தடவை நேரில் பார்க்கலாம் என்று இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இப்போதைய ஃபிட்டருக்குக் குருவி என்று பெயர். நாற்பது வயதிலும் உடம்பில் சதையே கிடையாது, எந்நேரமும் விசில். இறங்கினான். பதினேழு நிமிடம் கழித்து ஏணியின் மேல்படிக்கு வந்தவன், உள்ளே இருந்தபடியே கையை மட்டும் வெளியே நீட்டிப் பச்சைப் பட்டனை அமுக்கினான். பட்டன் ஏணிக்குப் பக்கத்து விளிம்பில் இருக்கிறது. முழுக்க வெளியே வந்து அமுக்குவதற்கு அவனுக்குச் சோம்பல். ஆபரேட்டர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். "அண்ணே, நீங்க பார்க்காமயா திறக்கப் போறீங்க?" என்பான்.

திரையில் 'சைகை வந்தது' என்று விழுந்தது. ஆபரேட்டர் எழுந்து போய்த் தரையில் வெள்ளையாக இருந்த இடத்தில் நின்றார். குருவி மறுபடி கீழே இறங்கினான். வாளியை எடுத்துக்கொண்டு மேலே வந்தான். மூடியைப் போட்டான். கை கழுவினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்குக் கம்பத்தைத் தாண்டினான். ஆபரேட்டர் திரும்பி வந்து மதகைத் திறந்தார்.

"நூத்தி நாலு விநாடி," என்றாள் அவள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதைப் பார்த்தீங்க சார்?"

"ஆள் கம்பத்தைத் தாண்டுறானான்னு."

"அப்போ குழாய்?"

"குழாய்க்கு ஒண்ணும் இல்ல."

அவள் லிஸ்டைப் புரட்டி அந்த வரியை எடுத்து வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒற்றனுக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல," என்றாள். "அவன் புரோகிராமுக்கு உள்ள இருக்கான். ஜன்னல் வெளியில இருக்கு. அவனுக்குத் தெரிஞ்சது நேரம் மட்டும்தான்."

"பழையபடி தொண்ணூறுன்னே போட்டுட்டா?"

"தொண்ணூறுன்னு போட்டா தொண்ணூறு விநாடி நிக்கும். தொண்ணூத்தி ஒண்ணாவது விநாடியில ஆள் உள்ள இருந்தாலும் திறந்துரும். அதுக்கு நிக்கத் தெரியும் சார். பார்க்கத் தெரியாது."

கீழே குருவி விசிலடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

"மூடிக்கு அடியில ஒரு சுவிட்ச் வெச்சா போதும்," என்றாள். "மூடி போட்டிருந்தாத்தான் மதகு திறக்கும். சின்ன வேலை. நான் இன்னைக்கே கேட்டு எழுதுறேன்."

"எழுதுங்க."

மூன்றாம் நாள் அவள் ஒரு தாளுடன் வந்தாள். உற்சாகம் இல்லை.

"முடியாதுன்னுட்டாங்க சார். இதுக்கு முன்னால ரெண்டு தடவை ஃபிட்டருங்களே சுவிட்ச் கேட்டிருக்காங்க. அப்பவும் இதே பதில்தான். ஒரு பழைய அறிக்கை இருக்காம். சைகை ஒழுங்கா வேலை செஞ்சது, தப்பு தொழிலாளி மேலன்னு. அதனால பச்சைப் பட்டனே போதும், ஆளுக்குப் பயிற்சி குடுங்கன்னு சொல்றாங்க. நகல் குடுத்தாங்க."

தாளை மேசையில் வைத்தாள். ஆபரேட்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒன்றரைப் பக்கம். தட்டச்சில் ஒரு எழுத்து மட்டும் வரிக்கு மேலே தூக்கி நின்றது. அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. இப்போது போடுவதைவிட வேகமாகப் போட்டிருந்தார்.

"இதுல ஆபரேட்டர்னு இருக்கிறது நீங்களா?"

"நான்தான்."

"சைகை வந்துச்சா சார்?"

அவர் விசைப்பலகையில் எஃப் எட்டுக்கும் எஃப் பத்துக்கும் நடுவே இருந்த ஓட்டையில் சுட்டுவிரலை வைத்தார். அவள் விரலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் எழுதிக் குடுத்தா சுவிட்ச் வருமா?" என்றார்.

"வரும். அறிக்கை தப்புன்னா அவங்களுக்கு வேற வழி கிடையாது."

"எழுதிக் குடுத்தா நகல் யார் யாருக்குப் போகும்?"

"மேல ஒண்ணு, கோப்புக்கு ஒண்ணு. பாதிக்கப்பட்டவருக்கு ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தி, "அவர் விலாசம் தெரியுமா சார்?" என்றாள்.

"என் விலாசம்தான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "ஒண்ணாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு," என்றாள். அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பட்டன், ஒயர், எஃப் ஒன்பது, சட்டை. மறுபடி படித்துப் பார்த்தார். 'சட்டையை ஆள் என்று நினைத்தேன்' என்ற இடத்தில் மை வரவில்லை. எழுத்தின் மேலேயே இன்னொரு முறை எழுதினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்குக் குடுக்கிறேன்," என்றார்.

வீட்டுக்குப் போனபோது விசிறி சரியாகிவிட்டிருந்தது. அதை ஓடவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான் மச்சினன். அவர் மனைவி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா. காத்து எப்படி? புதுசு தோத்துப் போகும்."

ஆபரேட்டர் செருப்பைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். விசிறி இருவருக்கும் நடுவே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அன்னைக்கு நீ அமுக்கல மாப்ள," என்றார்.

"என்னது?"

"பட்டனை. நீ அமுக்கல. பட்டன் ரிப்பேரு. நான்தான் மேல இருந்து போட்டேன். உன் சட்டை கம்பியில தொங்குச்சு. நீதான்னு நினைச்சேன்."

விசிறி ஒரு சுற்று போய்த் திரும்பி வந்தது. சமையலறையில் குழாய் நின்றது.

"நான் அமுக்கல?"

"இல்ல."

"ஸ்பேனரு?"

"அதெல்லாம் நீயா சொன்னது. நீ வெளியிலயே வரல."

மச்சினன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை, புறங்கை. கிரீஸ் அப்பியிருந்தது.

"எனக்கு ஞாபகம் இருக்கு மாமா," என்றான். "பட்டன் சில்லுன்னு இருந்துச்சு. மழை பேஞ்ச ஈரம். அமுக்கின உடனே விரலைச் சட்டையில தொடச்சேன்."

"சட்டை கம்பியில தொங்குச்சு."

"ம்."

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை. தம்பியைப் பார்த்தாள், பிறகு இவரை.

"இத்தனை வருஷமா?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"இந்த வீட்டுலயே உட்கார்ந்துக்கிட்டு?"

அதற்கும் தலையாட்டினார். அழ வேண்டும் போல் இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை. முழங்கால் வலித்தது. விசிறிக் காற்றில் பையிலிருந்த தாளின் ஓரம் படபடத்தது. அதை எடுத்து மச்சினனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. கிரீஸ் கை என்று காட்டினான்.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"மெஷின் கண்டுபிடிச்சிருச்சு."

"என்னன்னு?"

"சைகை வந்தாலும் நான் தொண்ணூறு விநாடி திறக்காம நிக்கிறேன்னு."

"தினமுமா?"

"தினமும்."

"அன்னைக்கு எத்தனை விநாடி நின்னீங்க?"

"நிக்கல. உடனே திறந்துட்டேன்."

மச்சினன் கொஞ்ச நேரம் கணக்குப் போடுகிற மாதிரி இருந்தான். "தொண்ணூறெல்லாம் வேணாம்," என்றான். "இருபது இருந்தாப் போதும். நான் வேகமா ஏறுவேன் அப்போல்லாம்."

விசிறியை நிறுத்தினான். ஒயரைச் சுருட்டி அதன் கழுத்தில் மாட்டினான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒற்றைக் காலில் எட்டிக் கதவுக்குப் பின்னால் இருந்த காலை எடுத்து மாட்டிக்கொண்டான். சாயங்காலத்துக்கு மேல் அவன் அதை மாட்டுவதில்லை. வெளியே போனான். தெருவில் அவன் நடக்கும் சத்தம் கேட்டது. ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக.

"எங்க போறான்?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்," என்றாள் மனைவி. கை நுரை காய்ந்துகொண்டிருந்தது. "அந்தச் சட்டையைத் துவைச்சு மடிச்சு வெச்சது நான். கிழிசல் ஒண்ணுகூட இல்லையேன்னு அப்பவே நினைச்சேன். கேட்கத் தோணல." உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள்.

ஒரு மணி நேரத்தில் அவன் திரும்பி வந்தான். மூவரும் சாப்பிட்டார்கள். உப்புக் குறைவு என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு விசிறிக்காரர் வந்தார். விசிறியைப் போட்டுப் பார்த்துத் திருப்தியானார். கூட அவருடைய மாமனார் வந்திருந்தார். காலைப் பார்த்துவிட்டு அவரும் கேட்டார். "வேலை செய்யுற இடத்துல," என்றான் மச்சினன். விசிறிக்காரர் மாமனாரிடம், "முழுக் கதையும் கேளுங்க, நல்லாச் சொல்லுவாரு," என்றார். மச்சினன் ஸ்குரூக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். "அவ்வளவுதாங்க," என்றான்.

மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திண்டின் மேல் வைத்திருந்தாள். எடுத்துக் கையில் கொடுக்கவில்லை. ஆபரேட்டர் எடுத்துக்கொண்டு போனார்.

எட்டேகாலுக்குத் தாளைக் கீழே அலுவலகத்தில் கொடுத்தார். எழுத்தர் படிக்காமல் முத்திரை குத்தி எண் போட்டார். ஒன்பதரைக்கு மேலாளர் கூப்பிட்டனுப்பினார். தாளை மேசையில் வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். விசாரணை வரும் என்றார். சுவிட்ச் பொருத்தும் வரை குழியைத் திறக்க வேண்டாம் என்றார். திங்கட்கிழமையிலிருந்து காலை ஷிஃப்டுக்கு வேறு ஆள் வருவார், ஆபரேட்டர் கிடங்கில் இருக்கலாம் என்றார். சரி என்றார் ஆபரேட்டர்.

மாடியில் புரோகிராமர் மீதி வரிகளோடு காத்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியை அடித்திருந்தாள். பக்கத்தில், 'குழியின் மூடி போட்டிருந்தால் மட்டும் மதகு திறக்கும்' என்று எழுதியிருந்தாள். இருநூற்றுப் பதினொன்றுக்கு எதிரில் ஒன்றும் இல்லை. அதில் என்ன போடுவது என்று கேட்டாள். சாவியே வேண்டாம் என்று போடச் சொன்னார். போட்டாள். முந்நூற்று நாற்பது வரை மத்தியானத்துக்குள் முடித்தார்கள். வி நூற்று இருபத்தெட்டு. த இருநூற்றுப் பத்து. சாவி வேண்டாம் ஒன்று. அடித்தது ஒன்று.

அன்று பத்து மணிக்குக் குழி கழுவவில்லை. குருவி கொட்டகை நிழலில் உட்கார்ந்து சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பத்து இருபதுக்கு ஆபரேட்டர் எழுந்து ஜன்னலருகே போனார். முற்றத்தில் யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஷிஃப்ட் முடிந்ததும் இழுப்பறையைக் காலி செய்தார். நான்கு சாவிகளையும் ஒரு உறையில் போட்டு மேசையின் மேல் வைத்தார். வீட்டுக்குப் போனார். முன்னறையில் மச்சினன் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தான். தலை நிமிரவில்லை. ஆபரேட்டர் கை கால் கழுவிவிட்டு உள்ளே போனார்.